கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாத வேட்பாளர்

அந்த நகரத்தில் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறவர் முதலில் தனக்கு எவ்வளவு பக்தி இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதை அளந்து சொல்வதற்கென்றே நான்கு மாடிக் கட்டடம் ஒன்றும் அதற்குள் ஒரு வாரியமும் இருந்தன. ‘வேட்பாளர் இறைநம்பிக்கை மதிப்பீட்டு வாரியம்’ என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருப்பார்கள். எந்தக் கடவுள் என்று வாரியம் கேட்பதில்லை. அந்த விஷயத்தில் அதற்கு விசாலமான மனசு. எவ்வளவு என்றுதான் கேட்கும்.

அளந்து முடித்ததும் வேட்பாளருக்கு விளக்குகள் கொடுப்பார்கள். அதிகபட்சம் ஐந்து. வாக்குச்சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் அத்தனை குட்டி விளக்குகள் அச்சாகும். வேறு ஒரு விவரமும் இருக்காது. ஒரு விளக்குகூட வாங்காதவரின் பெயர் சீட்டிலேயே வராது.

இப்படி ஒரு வாரியம் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் அதன் தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பொறுமையாக விளக்குவார். முன்பெல்லாம் வேட்பாளர்கள் ரோடு போடுகிறேன், தெருவிளக்குப் போடுகிறேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டார்களாம். அதில் பெரிய சங்கடம். ரோடு போட்டார்களா இல்லையா என்பதை யார் வேண்டுமானாலும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். வீண் சண்டை, மனக்கசப்பு. பக்தி அப்படியில்லை. அது மனசுக்குள் இருக்கிற சமாச்சாரம். எட்டிப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது. ஆகவே பொதுவாழ்வில் அமைதி நிலவுகிறது என்பார்.

இந்த அமைதிக்குள்தான் ஒரு நாள் தையல்காரி நுழைந்தாள்.

அவள் வீட்டு முன்னறையில் ஒரு மிஷின், ஒரு வெட்டு மேசை, அளவு எடுக்க நிற்பவர்களுக்கு ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் கடை. அவள் புருஷன் நகராட்சியில் பாதாளச் சாக்கடை வேலை பார்த்தான். தெருவில் அடைப்பு என்றால் இரும்பு மூடியைத் தள்ளிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, கையாலேயே அடைப்பை எடுக்கிற வேலை. போன மழைக்காலத்தில் ஒரு காலை அப்படித்தான் இறங்கினான். உள்ளே விஷவாயு. மேலே கயிறு பிடித்திருந்தவர்கள் இழுத்தபோது ஆள் கனமாக வந்தான். மூச்சில்லை.

நகராட்சி சும்மா சொல்லக்கூடாது, மின்னல் வேகத்தில் செயல்பட்டது. மாதம் முடிவதற்குள் அவன் தம்பிக்கு அதே வேலையைக் கொடுத்தது. அதே தெருக்கள், அதே குழிகள், அதே கயிறு. அண்ணனைக் கொன்ற குழிக்குள் தம்பியை இறக்கிவிட்டு அதற்கு ‘அனுதாப அடிப்படையில் நியமனம்’ என்று பெயரும் வைத்தது.

தையல்காரிக்கு அந்தக் கொழுந்தன் பிள்ளை மாதிரி. கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. இப்போது அவன் குழிக்குள் இறங்குகிற நாட்களில் அவள் மிஷினை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து குழி ஓரத்தில் நிற்பாள். அவன் தலை வெளியே தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வரும். எத்தனை நாள்தான் ஒரு மனுஷி இப்படி நிற்க முடியும்? வார்டு கவுன்சிலரைப் போய்ப் பார்த்தாள். மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிற மாஸ்க் ஒன்று இருக்கிறதாம், அது இருந்தால் உயிருக்குப் பயமில்லையாம், வார்டில் இறங்குகிற நாலு பேருக்கு நாலு வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டாள்.

கவுன்சிலர் அவள் தலையில் கை வைத்தார். "நான் தினமும் அவனுக்காக வேண்டிக்கிட்டுத்தாம்மா இருக்கேன். நீ தைரியமாப் போ."

மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் வேண்டிக்கொண்டார். நாலாவது தடவை அவள் அவரிடம் போகவில்லை. அவருக்கு எதிராக நின்றால் என்ன என்று தோன்றிவிட்டது.

இந்தக் கவுன்சிலருக்கு ஊரில் முழங்கால் என்று பெயர். காரணம் உண்டு. வாரியத்தின் சோதனைகளில் தலையாயது முழங்கால் சோதனை. நிஜமாகவே மண்டி போட்டுப் பிரார்த்திக்கிறவரின் பேன்ட் முழங்காலில் தேய்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே வேட்பாளர்கள் தங்கள் பேன்ட்டை ஒப்படைக்க வேண்டும். நிபுணர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். முழங்காலின் பேன்ட் போன தேர்தலில் வாரியத்தையே உருக்கிவிட்டது. அந்தப் பேன்ட்டைத் தைத்தது நம் தையல்காரிதான். தைத்து முடித்ததும் உப்புத்தாள் கொண்டு முழங்கால் இரண்டையும் பக்குவமாகத் தேய்த்துக் கொடுத்ததும் அவள்தான். தேர்தல் வந்தால் ஊரில் எல்லாத் தையல்காரர்களுக்கும் இந்த வேலை வரும். நல்ல சீசன்.

அவள் வேட்புமனுவோடு வாரியத்துக்குப் போனாள். செயலர் அவளை உட்காரச் சொன்னார்.

"எதுக்காக நிக்கிறீங்க?"

"மாஸ்க்குக்காக."

"என்ன மாஸ்க்?"

"சாக்கடைக் குழிக்குள்ள இறங்குறவங்க போட்டுக்கிறது. என் வீட்டுக்காரர் அது இல்லாமத்தான் செத்தாரு. இப்ப அவரு தம்பி இறங்குறான்."

செயலர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"அம்மா, இது தேர்தல் ஆபீஸ். இங்க வந்து இதெல்லாம் பேசக்கூடாது."

"வேற எங்க பேசுறது?"

"அது எனக்குத் தெரியாது. இங்க பக்தி மட்டும்தான். வேற விஷயம் பேசினா வாக்காளர் மனசு குழம்பிடும்னு விதி இருக்கு."

அப்புறம் அவளைத் தலைவரின் அறைக்கு அழைத்துப் போனார். தலைவர் நடுவில். ஒரு பக்கம் செயலர். இன்னொரு பக்கம் மனசாட்சி ஆய்வாளர் என்று ஒருவர். ஒல்லியான மனிதர். கைக்குட்டையில் சென்ட் போட்டு அடிக்கடி முகர்ந்துகொள்வார். எதிரே அவள்.

"கடைசியா எப்ப பிரார்த்தனை பண்ணினீங்க?" என்று தலைவர் கேட்டார்.

தையல்காரிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. நாளைக்குத் தருகிறேன் என்று ஜாக்கெட்டுக்கு நாலு நாள் இழுத்தடிக்கிறவள்தான். ஆனால் இந்த விஷயத்தில் அவளுக்குப் பொய் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"வேண்டிக்கலை. கத்தினேன். உனக்குக் கண்ணு இருக்கா, நீயெல்லாம் ஒரு ஆளான்னு கேட்டேன்."

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் அவரோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாரியத்தின் வரலாற்றிலேயே இப்படி ஒரு பதில் வந்ததில்லை. செயலர் தலையைச் சொறிந்தார். ஆய்வாளர்தான் முதலில் வாய் திறந்தார்.

"பேச்சுவார்த்தை இல்லைன்னு சொன்னா, ஆள் இருக்காருன்னு ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்? இல்லாத ஆளோட யாராவது கோவிச்சுக்குவாங்களா? என் மாமனாரோட நான் கல்யாணத்துலேர்ந்தே பேசுறதில்லை. அதுக்காக அவர் இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது," என்றார் தலைவர் யோசனையோடு. "அதனால நம்பிக்கை பூரணமா இருக்கு. ஆனா மரியாதை போதலை. நம்பிக்கைக்கு அஞ்சு விளக்கு போடுங்க. வாய்க்கு மூணு கழிச்சுக்குங்க."

இரண்டு விளக்கு. புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியதற்கு மார்க் போடுகிறார்கள் என்பது புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கவுன்சிலருக்கு எத்தனை விளக்கு?"

"அஞ்சு," என்றார் தலைவர். அவர் குரல் தழுதழுத்தது. "உங்க வீட்டுக்காரர் இறந்தப்போ அந்தக் குழிப் பக்கத்துலயே மண்டி போட்டு அழுதாரே, போட்டோ பார்த்தேன். என்னால தாங்க முடியலை. அந்த மாதிரி மனுஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் நீங்க."

அந்தப் போட்டோ எடுக்கும்போது அவள் அங்கேதான் இருந்தாள். முழங்கால் வந்து, போட்டோக்காரர் வரும்வரை காருக்குள் உட்கார்ந்திருந்து, வந்ததும் இறங்கி மண்டி போட்டார். அவருக்கு இடம் வேண்டும் என்று பிணத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்தது வீட்டுச் சோதனை. ஆய்வாளர் ஒரு மத்தியானம் கைக்குட்டையும் அளவு டேப்புமாக வந்து சேர்ந்தார். சாமி படம் இருக்கும் மூலையை நீளம், அகலம், உயரம் என்று அளந்தார். வெட்டு மேசை அதைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். பிறகு தானே தரையில் மண்டி போட்டு மிஷினுக்குக் கீழே சிமெண்ட் தேய்ந்திருப்பதைத் தடவிப் பார்த்தார்.

"இது பாதம் பட்ட தேய்மானம். முழங்கால் தேய்மானம் இல்லை."

"அங்கதாங்க நான் நாள் முழுக்க உக்காந்து மிஷின் மிதிக்கிறேன்."

"அது பிழைப்பு. நான் பக்தியைக் கேக்கிறேன்."

அந்த நேரத்தில் கொழுந்தன் வேலை முடிந்து வந்தான். பின்கட்டில் சோப்புப் போட்டுக் குளித்தான். மறுபடியும் சோப்புப் போட்டான். மறுபடியும். ஆய்வாளர் கைக்குட்டையை மூக்கோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வாசல்படிக்கு வெளியே நின்றபடி அவனைக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணி பிரார்த்தனை பண்றதை நீ பார்த்திருக்கியா?"

அவன் ஈரத் தலையோடு யோசித்தான். வாயை விட்டு அண்ணியை மாட்டிவிடக் கூடாதே என்று பயம்.

"நான் குழியில இறங்குறப்ப மேல நிப்பாங்க சார். அப்ப மனசுக்குள்ள ஏதாவது சொல்லிக்குவாங்கன்னு நெனைக்கிறேன்."

"கண்ணை மூடியா, திறந்தா?"

"தெறந்துதான். கயித்தையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. மூடினா எப்படி சார் தெரியும், நான் இருக்கேனா போயிட்டேனான்னு?"

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுப் பிரார்த்தனை," என்றார் ஆய்வாளர். "அப்படின்னா கடவுள் பார்த்துக்குவாருங்கிற நம்பிக்கை இல்லை. தானே பார்த்துக்கணும்னு நினைக்கிறாங்க. கர்வம்." ஒரு விளக்கைக் குறைத்துவிட்டுப் போனார்.

கொழுந்தன் அன்று சாப்பிடவே இல்லை. "என்னாலதான அண்ணி ஒரு வெளக்கு போச்சு" என்று புலம்பினான். "உன் வெளக்குல தீயை வைக்க. நீ சாப்பிடு" என்று அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

தெருவில் பால்கடைக்காரர் நல்ல மனிதர். பொய் சொல்லாதவர், பாலில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கலப்பார். அவர் அவளிடம் மனசு விட்டுப் பேசினார்.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா ஒரு விஷயம். கடவுளுக்குப் பயப்படுறவன் தப்புப் பண்ண மாட்டான்ல? அது ஒண்ணுதான் நமக்கு உத்தரவாதம். மத்ததெல்லாம் நமக்கு என்ன தெரியும்?"

"முழங்கால் கடவுளுக்குப் பயப்படுறாரு. சரி, வச்சுக்குவோம். உங்களுக்குப் பயப்படுறாரா?"

"எனக்கு எதுக்கு அவர் பயப்படணும்?"

"நீங்கதான அண்ணே ஓட்டுப் போடுறீங்க?"

பால்கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஆனா அஞ்சு வெளக்கும்மா," என்றார்.

கடைசிச் சோதனை பகிரங்கப் பிரார்த்தனை. நகரமன்றக் கூடத்தில் வாக்காளர்கள் முன்னிலையில் வேட்பாளர்கள் மேடையேறிப் பிரார்த்திக்க வேண்டும். வாரியத்தார் பார்த்து இறுதி மார்க் போடுவார்கள். பாதியில் மேடையை விட்டு இறங்கினால் பெயர் ரத்து. கூடம் நிரம்பி வழிந்தது. கால் வைக்க இடமில்லை. கூட்டம் அத்தனையும் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்ததால் கூடத்தின் கழிப்பறைகள் திணற ஆரம்பித்திருந்தன. பக்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முழங்கால் மேடையேறினார். முழங்காலில் விழுந்தார். கூடம் மூச்சை அடக்கிக்கொண்டது.

"இறைவா," என்று தொடங்கினார். "என் வார்டில் ஒரு ஏழைத் தொழிலாளி குழிக்குள் மாண்டான். அவன் உயிரோடு இருந்தபோதே அவனுக்கு மாஸ்க் வாங்க வேண்டும் என்று மூன்று தடவை என் மேசைக்குக் கோப்பு வந்தது. மூன்று தடவையும் நான் கையெழுத்துப் போடும் முன் உன்னைத்தான் கேட்டேன். நீ சொன்னாய்: என்னை நம்புகிறவனுக்கு மாஸ்க் எதற்கு? என் உடல் சிலிர்த்தது. அந்தப் பணத்தில் நகராட்சிப் பிரார்த்தனை அறைக்குப் பளிங்குத் தரை போட்டேன். இறைவா, அந்தப் பளிங்கில் நான் முதல் முதலாக மண்டி போட்டது யாருக்காக? அந்தத் தொழிலாளியின் ஆத்மாவுக்காக. என் சொந்த முழங்கால் வலித்தது. பளிங்கு அவ்வளவு குளிர்ச்சி."

கூடத்தில் விசும்பல் கேட்டது. பால்கடைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார். தலைவர் வாய்விட்டே அழுதார். செத்தவனைக் கொன்றது நான்தான் என்று ஒருவர் மேடைபோட்டுச் சொல்கிறார், ஊர் கேட்டுக் கைதட்டுகிறது. தையல்காரி மேடை ஓரத்தில் நின்றபடி அந்தக் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அந்த முழங்கால் நான் தேச்சது," என்றாள் சத்தமாக. "உப்புத்தாள் போட்டு."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"முழங்கால் தேயணும்னு ஒரு மனுஷன் ஆசைப்படுறான் பாருங்க, அந்த ஆசையே பெரிய பக்தி. நமக்கெல்லாம் அந்த எண்ணமாவது வந்ததா?" என்றார். முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

அவள் முறை வந்தது. மேடை நடுவில் நின்றாள். என்ன பேசுவது, யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை. பேச்சில்லாத ஆளிடம் ஊரைக் கூட்டிவைத்துப் பேசச் சொல்கிறார்கள். வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைகள் பொங்கின. கூடத்தின் பின்வரிசையிலிருந்து நாற்றம் கிளம்பி முன்வரிசைக்கு வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆய்வாளரின் கைக்குட்டை அன்றைக்குத் தோற்றது.

"ஒண்ணும் பதற்றப்பட வேண்டாம்," என்று செயலர் மைக்கில் சொன்னார். "வாசல்ல இருக்கிற குழிதான் அடைச்சிருக்கு. நகராட்சிக்குச் சொல்லிட்டோம். ஆள் வந்தாச்சு, இறங்கப் போறான். பத்தே நிமிஷம். வேட்பாளர் தொடரலாம்."

ஆள் என்றால் யார் என்று அவளுக்குத் தெரியும். வார்டில் இன்று முறை யாருக்கு என்றும் தெரியும். காலையிலிருந்து இத்தனை பேருடைய கழிவு சேர்ந்த குழி எப்படி இருக்கும் என்றும் தெரியும். மேடையை விட்டு இறங்கினாள்.

"அம்மா, இறங்கினா பேர் ரத்து," என்று தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலில் கொழுந்தன் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். மூடி பாதி திறந்திருந்தது. அவள் ஓடிவந்து இரண்டு கையாலும் மூடியைத் தள்ளிக் குழியை மூடினாள். மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரி போட்டு இந்த நாளுக்கென்று கட்டி வந்த புடவை.

"அண்ணி, எந்திரிங்க. வேலை போயிடும்."

"போகட்டும்."

"உங்க பேரை எடுத்துடுவாங்க அண்ணி."

"எடுக்கட்டும்."

கூட்டம் வெளியே வந்துவிட்டது. முழங்கால் முன்னால் வந்து கனிவாகச் சொன்னார்: "ஏம்மா பயப்படுறே? தம்பி இறங்கட்டும். நாங்க எல்லாரும் சுத்தி நின்னு பிரார்த்தனை பண்றோம். நானே முன்ன நின்னு பண்றேன்."

"அப்ப நீங்க இறங்குங்க. நாங்க சுத்தி நின்னு பண்றோம்."

முழங்கால் தலைவரைப் பார்த்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது கூடாது. வேணும்னே ஆபத்துல போய் விழுந்து காப்பாத்துன்னு சொன்னா அது கடவுளைச் சோதிக்கிறது. பெரிய பாவம்."

"என் கொழுந்தன் இறங்கினா மட்டும்?"

"அது டியூட்டி."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். பால்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கொழுந்தன் தலைவரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் பெரிய மனிதர்கள் சொன்ன எதையும் திருப்பிக் கேட்டதில்லை. கயிற்றை அவிழ்த்தான். சுருட்டிக் கீழே வைத்தான். அவள் பக்கத்தில் மூடியின் மேல் வந்து உட்கார்ந்தான்.

அன்றே அவள் பெயரை நீக்கினார்கள். கொழுந்தனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வார்டில் இறங்குகிற மற்ற மூன்று பேரையும் குழிக்கு அனுப்பினார்கள். மூன்று பேரும் கயிற்றைக் கட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வார்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் அதற்குள் செய்தி போயிருந்தது. யாரும் வரவில்லை.

முதலில் கூடத்தைப் பூட்டினார்கள். பிறகு கடைத்தெருவும் நாறியது. பிறகு வாரியம். அதன் நான்கு மாடிகளிலும் பக்தி நின்றுபோய் மூக்குப் பொத்துதல் ஆரம்பமானது. தலைவர் வீட்டுக் குளியலறையில் என்னென்னவோ மிதந்தன என்று அவர் வீட்டு வேலைக்காரம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்தாள். தலைவர் குடும்பத்தார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்ததாகவும் கேள்வி. அடைப்பு அசையவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாலு மாஸ்க்கும் வந்து இறங்கின. கொழுந்தனுக்கு வேலையும் திரும்ப வந்தது. முழங்கால் அந்தப் பெட்டியை மாலை போட்டு ஊர்வலமாகக் கொண்டுவந்தார். இது தன் பிரார்த்தனைக்குக் கிடைத்த அற்புதம் என்று மைக் வைத்துச் சொன்னார். வாரியம் அவருக்கு ஆறாவதாக ஒரு விளக்கு கொடுக்க முடியுமா என்று ஆலோசித்தது. அதற்கு ஒரே ஒரு தடைதான். அற்புதம் என்று பதிவு செய்ய ஒரு சாட்சி வேண்டும். அப்படித்தான் தையல்காரிக்கு மறுபடியும் அழைப்பு வந்தது.

தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார்கள்.

"நீங்க அன்னிக்கு மூடி மேல உக்காந்தீங்களே," என்றார் தலைவர், "அதை நாங்க மறுபடியும் யோசிச்சுப் பார்த்தோம். அது ஒரு மாதிரி பிரார்த்தனைதான். தவம்னுகூடச் சொல்லலாம். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். கவுன்சிலர் வேண்டினார், நீங்களும் வேண்டினீங்க, மாஸ்க் வந்தது. உங்க பேரையும் சீட்டுல சேர்த்துடறோம். மூணு விளக்கு."

"நாலு குடுக்கலாம்," என்றார் ஆய்வாளர்.

அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொல்ல முடியாது. பெயர் சீட்டில் வந்தால் நாலு பேராவது ஓட்டுப் போடுவார்கள். ஒரு வார்த்தைதான். ஆனால் எதிரே சுவரில் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். முழங்கால் மண்டி போட்டிருக்கிறார். ஓரத்தில், நகர்த்திப் போட்ட பிறகும் கொஞ்சம் தெரிகிற, அவள் புருஷனின் கால்.

"எழுதிக்குங்க," என்றாள். செயலர் பேனாவைத் திறந்தார்.

"என் புருஷன் இறங்கின காலம் பூரா நீங்க எல்லாரும் பிரார்த்தனை பண்ணினீங்க. அவரு செத்தாரு. போன வாரம் ஒருத்தன்கூட குழியில இறங்கலை. மாஸ்க் வந்துச்சு. கடவுளுக்கும் எனக்கும் உள்ள சண்டை எங்க ரெண்டு பேருக்குள்ள. அவரே வந்து கேட்டாலும் நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல மாட்டேன்."

செயலர் பாதிவரை எழுதிவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் எழுதாதே என்று கையை ஆட்டினார்.

அவள் வெளியே வந்தாள். வாரிய வாசலில் இருக்கிற குழியில்தான் அன்று வேலை. மூடிக்குப் பக்கத்தில் காற்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் குழிக்குள் போயிருந்தது. அவள் பழக்கத்தில் ஓரத்தில் நின்று கயிற்றைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் ஏறி வந்தான். முகத்திலிருந்து மாஸ்க்கைக் கழற்றித் துடைத்தான். முகம் காய்ந்து, சாதாரணமாக இருந்தது. வேலைக்குப் போய்விட்டு வருகிற எந்த ஆளின் முகமும் போல.

"உள்ள நல்லாக் காத்து வருது அண்ணி. நாத்தம்கூட அவ்வளவா தெரியலை."

"குடு, பாப்போம்."

அவன் கொடுத்தான். முகத்தில் ஒட்டும் ரப்பர், ஒரு கண்ணாடி, இரண்டு பட்டி, குழாயை மாட்ட ஒரு வளையம். பட்டியின் தையலைத் திருப்பிப் பார்த்தாள். சாதாரணத் தையல். அவள் மிஷினிலேயே போடலாம். கையில் கனமே இல்லை. இதற்குத்தான் மூன்று கோப்பு. இதற்குத்தான் பளிங்கு, போட்டோ, விளக்கு, நான்கு மாடி. அதுவரை வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான் அண்ணி."